மானாவாரி மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) எருவும் உரமும் சேர்த்துப் போடுவது எப்படி? (கே.வி.குப்பம், வேலூர் மாவட்டம், செம்மண் கொல்லை)

கொல்லைக்காடு (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். கே.வி.குப்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொல்லை. செம்மண். மேற்குப் பக்கம் அரை ஏக்கர் சரளை, கொழு ஒரு சாண் இறங்கினாலே கல் தட்டும். கிணறு இல்லை, முழுக்க மழையை நம்பித்தான். ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை, சுற்றி ஓரத்தில் துவரை.

மண் பரிசோதனை அட்டையில் இருப்பது: கார அமில நிலை 6.7, உப்பு நிலை 0.2, அங்ககக் கரிமம் 0.32 சதம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) எக்டருக்கு 15 கிலோ, சாம்பல் சத்து (பொட்டாசியம்) எக்டருக்கு 190 கிலோ. கடைசி இரண்டும் நடுத்தரம் என்று எழுதியிருக்கிறது.

போன பட்டத்தில் போட்டது: மாட்டு எரு இரண்டு டிராக்டர் லோடு. முழுதாக மக்கவில்லை, வைக்கோல் வைக்கோலாகத் தெரிந்தது. விதைப்புக்கு ஒரு வாரம் முன்னால் இறைத்தது. ஏக்கருக்கு டிஏபி (தழையும் மணியும் உள்ள உரம்) ஒரு மூட்டை, பொட்டாஷ் (சாம்பல் சத்து உரம்) ஒரு மூட்டை, இரண்டையும் விதைத்த பிறகு மேலாகத் தூவியது. ஜிப்சம் (கால்சியம் என்கிற சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் உள்ள பொடி) போடவில்லை.

நடந்தது: 20 நாளில் செடி வெளுத்தது. பிறகு தேறி, தழை நன்றாகவே வந்தது. பிடுங்கும்போது காய் எண்ணிக்கைக்குக் குறைவில்லை, ஆனால் பாதிக்குப் பாதி பொக்கு, உள்ளே பருப்பு இல்லை.

இந்த வருஷமும் கையில் இரண்டு லோடு எரு இருக்கிறது. எருவோடு உரத்தை எப்படிச் சேர்ப்பது, எது எவ்வளவு, எப்போது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செம்மண்_வேலூர்:

வணக்கம் நண்பரே. முதலில் அளவைப் பார்ப்போம். மானாவாரி மல்லாட்டைக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை 10, மணி 10, சாம்பல் 45 கிலோ. ஏக்கருக்குப் பார்த்தால் 4, 4, 18. நீங்கள் போட்ட 50 கிலோ டிஏபியில் மணிச்சத்து மட்டும் 23 கிலோ இருக்கிறது. தேவைக்கு ஐந்து மடங்குக்கு மேல். செம்மண்ணில் இருக்கிற இரும்பும் அலுமினியமும் அந்த மிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. மேலாகத் தூவினால் இன்னும் மோசம், ஏனென்றால் மணிச்சத்து விழுந்த இடத்தை விட்டு நகராது. மேல் மண் காய்ந்து கிடக்கும் கொல்லையில் வேர் அங்கே வந்து எடுக்கவும் முடியாது.

20 நாளில் வெளுத்ததற்குக் காரணம் அரைகுறையாக மக்கிய எரு. வைக்கோல் தெரிகிற எருவில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. மல்லாட்டை வேரில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு உருவாகி வேலை செய்யத் தொடங்குவதற்கு முந்தைய மூன்று வாரம், செடி மண்ணில் இருக்கிற தழைச்சத்தைத்தான் நம்பி நிற்கிறது. அந்த நேரத்தில் பந்தியில் இரண்டு பேர். முடிச்சு வேலை செய்ய ஆரம்பித்ததும் செடி தானாகத் தேறிவிட்டது. மக்காத எருவுக்குக் கரையான் வரும், வெள்ளைப்புழு வண்டும் அந்த மண்ணைத் தேடி முட்டையிடும், அது தனித் தொல்லை.

இந்தப் பட்டத்துக்கு ஒன்றரை ஏக்கருக்கான கணக்கு: சூப்பர் பாஸ்பேட் (மணிச்சத்து உரம்) 37.5 கிலோ, யூரியா 13 கிலோ, பொட்டாஷ் 45 கிலோ. அவ்வளவுதான். "இவ்வளவு கொஞ்சமா" என்று தோன்றும். மல்லாட்டை தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்கிற பயிர். யூரியாவைக் கூட்டினால் வேர் முடிச்சு குறையும், தழை மட்டும் வளரும்.

இதில் சூப்பர் பாஸ்பேட்டை நேரடியாக மண்ணில் போடாதீர்கள். ஊட்டமேற்றிய தொழு உரமாக மாற்றிப் போடுங்கள். மானாவாரிக்கு எருவையும் உரத்தையும் இணைக்கிற முறைகளில் எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவு குறைந்ததும் பலன் கூடியதும் வேறில்லை. எக்டருக்கு 750 கிலோ எரு, அதாவது ஏக்கருக்கு 300, உங்களுக்கு 450 கிலோ. உங்களிடம் இருக்கிற எருவில் நன்றாக மக்கிய பகுதியை மட்டும் எடுத்துக் கட்டி உடைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்து நிழலிலோ கொட்டகையிலோ மேடான இடமாகப் பார்த்து, நாலு விரல் கனத்துக்கு எரு, அதன்மேல் சூப்பர் பாஸ்பேட், மறுபடி எரு என்று அடுக்கி மண்வெட்டியால் இரண்டு மூன்று முறை புரட்டி ஒன்றாக்குங்கள். தண்ணீர் தெளிக்கும்போது கவனம் வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் உலர்ந்த எரு இன்னும் இரண்டு கூடை சேருங்கள். குவித்துத் தட்டி, மேலே சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுங்கள். வெடிப்பு விட்டால் மறுபடி பூசணும். 30 நாள் அப்படியே கிடக்கட்டும்.

உள்ளே நடப்பது இதுதான்: சூப்பரில் இருக்கிற மணிச்சத்து, எருவின் கரிம அமிலங்களோடும் நுண்ணுயிர்களோடும் கட்டுண்டு போகிறது. செம்மண்ணில் போட்டதும் இரும்பு அதை அத்தனை சீக்கிரம் பிடிக்க முடிவதில்லை. அந்த எரு விதைச் சாலில் ஈரத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

இந்தக் குவியலில் யூரியாவைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மூடாக்கைப் பிரிக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அந்த நெடிதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. டிஏபியையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சூப்பரில் கந்தகம் 11 சதமும் சுண்ணாம்புச்சத்து 20 சதத்தை ஒட்டியும் இருக்கிறது, எண்ணெய்வித்துக்கு இரண்டும் தேவை, டிஏபியில் இரண்டும் கிடையாது. கடையில் சூப்பர் கிடைக்காமல் டிஏபிதான் என்று ஆகிவிட்டால் ஒன்றரை ஏக்கருக்கு 13 கிலோ டிஏபி, யூரியாவை 8 கிலோவாகக் குறைத்து, கடைசி உழவில் போட்டுவிடுங்கள். 20:20:0:13 கலப்பு உரம் (தழை 20, மணி 20, கந்தகம் 13 சதம்) கிடைத்தால் அது டிஏபியைவிட மேல். 30 கிலோ போட்டால் தழையும் மணியும் கணக்குக்குச் சரியாக வந்துவிடும், யூரியாவே வேண்டாம், கந்தகமும் கிட்டத்தட்ட 4 கிலோ கிடைக்கும்.

போடும் முறை: யூரியாவும் பொட்டாஷும் கடைசி உழவுக்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது இறைத்து உடனே உழுது நாலைந்து அங்குலம் கீழே போக வையுங்கள். இரண்டையும் போடும் அன்றைக்குத்தான் கலக்க வேண்டும். ஊட்டமேற்றிய எருவை மட்டும் விதைப்பன்று சாலில் விடுங்கள். ஓரடிச் சாலுக்கு ஏக்கருக்கு 300 கிலோ என்றால் ஒரு மீட்டருக்கு 22 கிராம் வரும். ஆள் கையால் ஒரு பிடி நாலு மீட்டர் ஓடணும். முதல் சாலில் அளந்து பார்த்துக்கொண்டால் கடைசியில் பற்றாக்குறை வராது. யூரியா, பொட்டாஷ் எதுவும் விதைச் சாலில் விழக் கூடாது. ஈரம் குறைந்த மண்ணில் உரத்தின் உப்பு விதைக்குப் போகவேண்டிய தண்ணீரை இழுத்துவிடும், முளைப்பு திட்டுத்திட்டாக இருக்கும்.

மீதி எரு: இரண்டு லோடு என்றால் நாலு, நாலரை டன் இருக்கும். பரிந்துரை எக்டருக்கு 12.5 டன், அந்த அளவு உங்களுக்கு ஏழரை டன் ஆகும். இருப்பதை ஒன்றரை ஏக்கருக்கும் மெலிதாக இறைத்து வீணாக்காமல், மேற்குப் பக்கத்துச் சரளை அரை ஏக்கருக்கு முழு அளவு போடுங்கள். மிச்சம் பக்கத்து ஏக்கருக்கு. அடுத்த வருஷம் இடம் மாற்றுங்கள். ஈரம் நிற்காத இடத்துக்குத்தான் எருவின் அருமை அதிகம்.

இன்னொன்று. பங்குனியிலேயே எருவை வண்டியில் கொண்டுபோய் கொல்லை முழுக்கச் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டி, ஆனி வரை வெயிலில் விட்டுவைக்கிற வழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் தழைச்சத்து காற்றோடு போய்விடும், கடைசியில் உழுது கலப்பது வெறும் தூள். கொட்டிய அன்றே இறைத்து, அன்றே உழுதுவிட முடிகிற நாளில்தான் வண்டி கட்ட வேண்டும்.


பாலாற்று_மணல்:

அளவெல்லாம் மேலே சரியாக வந்துவிட்டது. பொக்கைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விளைச்சலைத் தின்றது அதுதான்.

மல்லாட்டைக் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து வேர் வழியாகப் போய்ச் சேருவதில்லை. வேர் எடுத்த சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடு இலைக்குப் போகும், அங்கிருந்து கீழே திரும்பி வராது. மண்ணுக்குள் இருக்கிற காய் தன் தோல் வழியாக, தன்னைச் சுற்றியிருக்கிற மண் ஈரத்திலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மேல் மூன்று அங்குல மண்ணில், விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கிக் காய் பருக்கும் அந்த மூன்று நாலு வாரத்தில், சுண்ணாம்புச்சத்தும் இருக்கணும், அதைக் கரைக்க ஈரமும் இருக்கணும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓடு வளரும், பருப்பு நிற்காது.

அங்கேதான் போன வருஷம் ஏக்கருக்கு 50 கிலோ பொட்டாஷை மேலாகத் தூவியிருக்கிறீர்கள். காய் இருக்கிற அடுக்கில் சாம்பல் சத்து மிகுந்தால் சுண்ணாம்புச்சத்தைக் காய் எடுப்பதை அது தடுக்கும். சாம்பல் சத்து பயிருக்கு வேண்டும், ஆனால் வேர் இருக்கும் ஆழத்தில். உழவிலேயே கீழே தள்ளச் சொல்வது அதற்காகத்தான். மேலே ஜிப்சம், கீழே பொட்டாஷ் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூ எடுக்கும்போது பொட்டாஷ் தூவுகிற பழக்கம் இருந்தால் மல்லாட்டைக்கு அதை விட்டுவிட வேண்டும்.

ஜிப்சம் எக்டருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 160. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 240 கிலோ, ஐந்து மூட்டை எடுத்தால் சரியாகிவிடும். மானாவாரிக்கு 40ஆம் நாளிலிருந்து 75ஆம் நாளுக்குள் என்று பரிந்துரையில் நீளமாக விட்டிருப்பதே மழையைப் பார்த்துப் போடத்தான். காலண்டரைப் பார்த்துக் காய்ந்த மண்ணில் போட்டால் மூட்டைக் காசு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். 40 நாள் தாண்டி முதல் நல்ல மழை பெய்த மறுநாள், மண் காலில் ஒட்டாத பதத்தில், செடி ஓரமாகத் தூவிக் களைக்கொத்தால் கொத்தி மண் அணையுங்கள். தூவும்போது இலை நனைந்திருக்கக் கூடாது, பொடி ஒட்டிக்கொண்டு மண்ணுக்கு வராது. விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு கொத்து போடவே கூடாது. இறங்கிய விழுதை அறுத்தால் அது மறுபடி இறங்காது. மழை தாமதமாகி 55, 60ஆம் நாளில்தான் வந்தது என்றால் கொத்தாமல் ஓரமாகத் தூவி விட்டுவிடுங்கள், அடுத்த மழை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உங்கள் மாதிரி ஒரு சாண் சரளையில் ஈரம் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. அந்த அரை ஏக்கருக்கு மட்டும் பாதி ஜிப்சத்தை விதைப்புக்கு முன் மேல் மண்ணில் கலந்துவிட்டு, பாதியை மண் அணைப்பில் போடுவது பாதுகாப்பு. மண் அணைக்கும் வாரத்தில் மழை கைவிட்டாலும் பாதியாவது காய்ப் பக்கத்தில் இருக்கும்.

சூப்பரில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். ஏக்கருக்கு 25 கிலோ சூப்பரில் வருவது 5 கிலோதான். 160 கிலோ ஜிப்சத்தில் 30 கிலோவை ஒட்டி வரும். ஜிப்சத்துக்குப் பதில் கிளிஞ்சல் சுண்ணாம்பு போடலாமா என்றால் உங்கள் மண்ணுக்கு வேண்டாம். கார அமில நிலை ஏற்கெனவே 6.7, சுண்ணாம்பு அதை இன்னும் ஏற்றும், கந்தகமும் கிடைக்காது. ஜிப்சம் கார அமில நிலையை மாற்றாது.

பொக்கு எதனால் என்று உறுதி செய்ய ஒரு சோதனை. காய்களில் தேறிய பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் இருக்கிற முளைக்குருத்து கருத்திருந்தால் சுண்ணாம்புச்சத்துக் குறை. குருத்து சரியாக இருந்து, பருப்பின் உள்பக்கம் குழிந்து பழுப்பாக இருந்தால் போரான் குறை. போன வருஷத்து விதைக்காயே கொஞ்சம் இருந்தால் இன்றைக்கே பார்த்துவிடலாம்.


விதைநேர்த்தி:

விதைப் பக்கம் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை, எரு உரத்தோடு இதுவும் சேர்ந்ததுதான்.

ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியா), பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாக்டீரியா) இரண்டிலும் ஒன்றரை ஏக்கர் விதைக்குத் தலா இரண்டு பொட்டலம், 200 கிராம் பொட்டலம். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, பருப்பின் தோல் உரியாமல் கையால் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதைக்கணும். திரவ வடிவில் கிடைத்தால் ஏக்கருக்கு 50 மில்லி போதும். பூஞ்சாணக் கொல்லி கலப்பதாக இருந்தால் அது முதல் நாள், ரைசோபியம் 24 மணி நேரம் கழித்து. இரண்டையும் ஒரே தட்டில் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும். டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) விதை கிலோவுக்கு 4 கிராம் என்று போனால் இந்தத் தலைவலி இல்லை, ரைசோபியத்தோடு ஒத்துப்போகும்.

மண்ணில் போட ஏக்கருக்கு ஒவ்வொன்றிலும் நாலு பொட்டலம். இதை ஊட்டமேற்றிய எருக் குவியலில் சேர்க்கலாம், ஆனால் 30 நாள் முடிந்து பிரித்து, சூடு தணிந்த பிறகு, சாலில் விடுவதற்கு முந்தின நாள். ஆரம்பத்திலேயே சேர்த்தால் குவியல் சூட்டில் பாதி போய்விடும். யூரியா, பொட்டாஷ் இருந்த அன்னக்கூடையைக் கழுவாமல் இதற்கு எடுக்காதீர்கள்.

30, 35ஆம் நாளில் ஈர மண்ணில் நாலைந்து செடியை மண்வெட்டியால் வேரோடு தோண்டி (கையால் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும்) முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பு என்றால் வேலை செய்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை.


கொல்லைக்காடு:

மூவருக்கும் நன்றி. விதைக்காயைப் பிளந்து பார்த்தேன், பத்தில் ஆறு பருப்பில் குருத்து கருப்பு. சுண்ணாம்புச்சத்துதான் என்று புரிகிறது.

இன்னும் சில சந்தேகம். குழியில் இருக்கிற எருவில் பாதி இன்னும் மக்கவில்லை, விதைப்புக்கு இரண்டு மாதம் இருக்கிறது, மக்க வைக்க முடியுமா? பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணைக் குப்பை விலை குறைவாகக் கிடைக்கிறது, போடலாமா? மறுபடி வெளுத்தால் யூரியா மேலுரம் கொடுக்கலாமா? சொந்தக்காரர் ஒருவர் உரமே வேண்டாம், ஜீவாமிர்தம் போதும் என்கிறார். அதற்கும் பதில் சொன்னால் நல்லது.


செம்மண்_வேலூர்:

இரண்டு மாதம் தாராளம். குழியிலிருந்து எடுத்து நிழலில் மேல்மட்டத்தில் இடுப்பளவுக் குவியலாகப் போடுங்கள். குழிக்குள் காற்றுப் புகாமல் கிடந்ததால்தான் மக்கவில்லை. டன்னுக்கு 2 கிலோ பல்கலைக்கழக நுண்ணுயிர்க் கூட்டுக் கலவை (பயோமினரலைசர்) 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளிக்கலாம். அது கிடைக்காவிட்டால் பச்சைச் சாணக் கரைசல். பதினைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டி, மேலே சொன்ன பிடி பதத்தில் ஈரம் வைத்திருங்கள். புரட்டும்போது உள்ளே கை வைக்க முடியாத சூடு இருந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். சூடே இல்லை என்றால் ஈரம் போதவில்லை, அல்லது வெறும் வைக்கோல், சாணம் போதவில்லை.

மக்கிவிட்டதா என்று பார்க்க: ஒரு பிடி ஈர எருவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரிக்கும்போது மண் வாசனை வந்தால் போடலாம். அழுகல் நாற்றமோ காரமான நெடியோ வந்தால் இன்னும் ஆகவில்லை.

கோழிக் குப்பை சத்து மிகுந்தது, தழைச்சத்து மட்டும் 3 சதம். ஒரு டன் போட்டால் 30 கிலோ தழை, மல்லாட்டைக்கு அது பல மடங்கு. செடி கொடி மாதிரி ஓடும், காய் குறையும். பச்சையாகப் போட்டால் சூடும் உப்பும் சேர்ந்து, மழை பத்து நாள் தள்ளினால் செடியையே கருக்கிவிடும். விலை நன்றாக இருந்தால் வாங்கி மாட்டு எருவோடு அடுக்கி மக்க வைத்து, அடுத்து கேழ்வரகு போடும்போது பயன்படுத்துங்கள். கேழ்வரகு தழைச்சத்து கேட்கும் பயிர்.

இதோடு ஒரு எச்சரிக்கை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து தோல் தொழிற்சாலைச் சகதியை எரு என்று லோடு போட்டுக் கொடுத்தால் இலவசம் என்றாலும் இறக்க விடாதீர்கள். அதில் உப்பும் குரோமியமும் இருக்கும். உப்பை மழை கழுவினாலும் குரோமியம் மண்ணிலேயே தங்கிவிடும், கொல்லையிலிருந்து அதை எடுக்க வழி கிடையாது. பாலாற்றுக் கரை நிலங்கள் பட்ட பாடு நம் எல்லாருக்கும் கண்முன் இருக்கிறது.

அதற்குப் பதில், கோடையில் ஆட்டுக் கிடை கிடைத்தால் விடாதீர்கள். புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் சேரும். கிடை எழுந்த மறுநாளே ஒரு மேலுழவு போடணும். ஏரி வண்டலும் உங்கள் சரளைக்கு அருமையான மருந்து, வட்டாட்சியர் அனுமதியோடு எடுத்துக் கோடையிலேயே பரப்பிவிடுங்கள். எருவைப் போல ஆண்டுக்கு ஆண்டு போட வேண்டியதில்லை, களிமண் துகள் மண்ணிலேயே தங்கி ஈரத்தைப் பிடிக்கும்.


பாலாற்று_மணல்:

வெளுத்தால் உடனே யூரியா என்று ஓட வேண்டாம். எந்த இலை வெளுக்கிறது என்று பாருங்கள். கீழ் இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து. கொழுந்து இலை ஒரே சீராக மஞ்சளானால் கந்தகம். கொழுந்தில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்பு. 6.7 மண்ணில் இரும்புக் குறை வருவது அரிது, சுண்ணாம்புக் கற்கள் இருக்கும் நிலத்தில்தான் அதைப் பார்க்கலாம்.

தழைச்சத்துதான் என்றாலும் மானாவாரியில் தூவிய யூரியா, மழை வராவிட்டால் காற்றில் போகும். ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவை 200 லிட்டரில் கரைத்து மாலையில் இலைவழியாகக் கொடுங்கள். நடுப்பகலில் வாடி நிற்கிற செடிக்கு எதையும் தெளிக்கக் கூடாது, இலை கருகும்.

வெளுப்பு இல்லாவிட்டாலும் 25, 35ஆம் நாளில் ஒரு இலைவழிக் கரைசல் மல்லாட்டைக்கு நல்லது. ஏக்கருக்கு டிஏபி 1 கிலோ, அம்மோனியம் சல்பேட் 400 கிராம், போராக்ஸ் 200 கிராம். டிஏபியை முதல் நாள் இரவே 15 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி, மற்ற இரண்டையும் கரைத்து 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொண்டு பாதி நாள் போய்விடும். இதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்தின் நிலக்கடலை ரிச் (சத்தும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்த கலவை) ஏக்கருக்கு 2 கிலோ, பூ முழுமையாக எடுக்கும்போது ஒன்று, காய் பிடிக்கும்போது ஒன்று என்று தெளிக்கலாம். இரண்டில் ஒன்று போதும்.

நுண்ணூட்டக் கலவை போடுவதானால் ஏக்கருக்கு 5 கிலோவை 15 கிலோ உலர்ந்த மணலில் கலந்து, விதைத்தவுடன் மேலாகத் தூவுங்கள், உழுது மூட வேண்டாம். துத்தநாக சல்பேட்டைச் சூப்பரோடும் டிஏபியோடும் கலக்கக் கூடாது. இரண்டும் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாகிவிடும், துத்தநாகமும் இல்லை, மணிச்சத்தும் இல்லை. சமையல் சாம்பலை யூரியா, டிஏபி பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிவிடும்.


மேட்டுநிலம்:

ஜீவாமிர்தம் பற்றி. எதிர்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்கை மட்டும் சொல்கிறேன். 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் சேர்வது 10 கிலோ பச்சைச் சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. சாணத்தில் 30 கிராம், கோமியத்தில் 100 கிராம், மாவில் 70 கிராம் என்று வைத்தால் மொத்தத் தழைச்சத்து கால் கிலோகூட வராது. மணிச்சத்து அதைவிடக் குறைவு. மண்ணில் எரு இருந்தால் அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களை அது எழுப்பிவிடும். கரிமம் 0.32 சதம் இருக்கிற மண்ணில், எழுந்த நுண்ணுயிர் தின்ன என்ன இருக்கிறது? ஊற்றுவதானால் எரு போட்ட இடத்தில், ஈரம் இருக்கும்போது ஊற்றுங்கள், பலன் தெரியும்.

எருவை மட்டும் நம்பி நடத்த முடியாதா என்றால் முடியும், ஆனால் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 5 டன் நல்ல எரு வேண்டும். தொழு உரத்தில் தழை அரை சதம், மணி 0.2 சதம், சாம்பல் அரை சதம். அதிலும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் முதல் வருஷம் கிடைக்கும். 5 டன் போட்டால் முதல் பயிருக்கு 8 கிலோ தழை, 10 கிலோ மணியில் பாதி, சாம்பலில் பெரும்பகுதி. மானாவாரி மல்லாட்டைக்கு அது போதுமானதுதான். ஜிப்சம் மட்டும் அப்போதும் வேண்டும். அது பாறையிலிருந்து வருகிற பொருள், இயற்கை முறையிலும் அனுமதி உண்டு. உங்கள் வீட்டு மாடு எண்ணிக்கைக்கு ஏழரை டன் ஆண்டுதோறும் வருமா என்பதுதான் கேள்வி. வராதவர்களுக்காகத்தான் இந்தக் கூட்டு முறையே.

உரத்தை மட்டும் நம்புவதும் நிற்காது. கோயம்புத்தூரில் 1909இலிருந்து நடக்கிற நிரந்தர எருவிடு சோதனையிலும், பெங்களூரில் 1978 முதல் நம் மாதிரிச் செம்மண் மானாவாரியில் கேழ்வரகு, மல்லாட்டை வைத்து நடத்திய சோதனையிலும் எருவும் உரமும் சேர்ந்த பாத்திதான் முன்னால் நிற்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். உரம் மட்டும் போட்ட மண்ணுக்கு ஈரம் பிடிக்கிற சக்தி கூடுவதில்லை.

எரு குறைவாக இருப்பவர்கள் வரப்பில் கிளைரிசிடியா (தழை உர மரம்) போத்து நட்டுவிட வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் கட்டைவிரல் கனத்துக்கு மேல் இருக்கிற போத்தை இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும், இரண்டாம் வருஷத்திலிருந்து தழை வெட்டலாம். மாடு அவ்வளவாகக் கடிக்காது. கொளுஞ்சியும் இந்தச் சரளையில் தானாக வரும் செடி. கோடை மழைக்கு ஒரு முறை தூவி வைத்தால் ஆண்டுக்கு ஆண்டு முளைக்கும், பூ எடுக்கும் முன் மடக்கி உழுதுவிட்டு இரண்டு மூன்று வாரம் விட்டு விதைக்கலாம்.


கொல்லைக்காடு:

தெளிவாகிவிட்டது. நாளையே குழியைப் பிரிக்கிறேன். ஊட்டமேற்றும் குவியலை விதைப்புக்குச் சரியாக ஒரு மாதம் முன் போடுகிறேன். கடைசியாக ஒன்று: ஓரத்துத் துவரைக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா? மழை தள்ளிப்போய் 30 நாளுக்கு மேல் குவியல் கிடந்தால் கெட்டுவிடுமா?


செம்மண்_வேலூர்:

குவியல் கெடாது. இரண்டு மாதம் வரை வைத்திருக்கலாம், பூச்சு வெடிக்காமலும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமலும் பார்த்துக்கொண்டால் சரி. காய்ந்துபோனால் பூச்சைப் பிரித்து, பிடி பதத்துக்குத் தெளித்து மறுபடி மூடுங்கள்.

துவரைக்கு அதே எருவைச் சாலில் இரண்டு மடங்காக விடுங்கள், பயறுக்கு மணிச்சத்துத் தேவை கூடுதல். மல்லாட்டை பிடுங்கிய பிறகு அது தனியாக நின்று வளரும். பூ எடுக்கும்போது ஒன்று, 15 நாள் விட்டு இன்னொன்று என்று 2 சதம் டிஏபி கரைசல் தெளியுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு 200 கிராம், இரவு ஊற வைத்து வடிகட்டியது. ஜிப்சத்தை முன்கூட்டியே வாங்கி நனையாத இடத்தில் பலகை மேல் அடுக்கி வையுங்கள். மழை பெய்த மறுநாள் கடைக்குப் போனால் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள், மூட்டை வந்து சேர்வதற்குள் மண் காய்ந்துவிடும்.